கள்ளிக்குப்பத்துக் குளவிக்காரம்மா

குளவிக்காரம்மாவிடம் புகழ்ச்சியாக ஒரு வார்த்தை வாங்கியவர் எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது. திட்டு வாங்கியவரும் கிடையாது. கண்ணால் எதைப் பார்த்தாரோ அது வாயில் வரும். அதற்கு மேலே ஒரு சொல் ஏறாது, ஒரு சொல் குறையவும் குறையாது. அவரிடம் ஒன்பது வருஷம் வேலை செய்தேன். "இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை கிளம்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள் காலையில் போய் நிற்பேன். அவரும் ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்.

அவருக்குப் பெயர் இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தென்காசிப் பக்கத்துக்காரர். வீட்டுக்காரருக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பு அங்கேயே குவார்ட்டர்ஸில். தினம் காலையில் ஷேர் ஆட்டோவில் கள்ளிக்குப்பம் வந்து இறங்குவார். ஒல்லி உடம்பு. கழுத்தில் தாலிக்கயிற்றோடு ஒரு சின்ன லென்ஸும் தொங்கும். யாராவது அவர் முன்னால் ஒரு இலையை நீட்டினால் முகத்தைப் பார்க்க மாட்டார், லென்ஸைத்தான் எடுப்பார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தார். அங்கே பூச்சி வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தெருவே சிரித்தது. "வீட்ல இருக்கிற பூச்சிய விரட்டவே வழியக் காணோம், இந்தம்மா வாடகை குடுத்து வளக்குது" என்று நான்தான் முதலில் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அங்கேயே வேலை கேட்டு நின்றேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு என் மூத்த மகள் வயதுதான் இருக்கும்.

"இழுப்பு உண்டாக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லம்மா."

அவர் ஒரு அறையின் கதவைத் திறந்து உள்ளே நிற்கச் சொன்னார். அது அந்துப்பூச்சி அறை. அரிசி மூட்டையில் பறக்குமே, அதே சாம்பல் நிறப் பூச்சிதான். அதன் சிறகிலிருந்து செதில் மாவு மாதிரிப் பறந்துகொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்தார்.

"இருக்கு" என்றார்.

"அப்ப வேல இல்லியா?"

"வேலை இருக்கு. மூக்குக்குத் துணி கட்டிக்கிடணும். இல்லன்னு சொன்னியள்லா, அதுதான் சரியில்ல."

முகம் சுட்டது எனக்கு. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள், ஒருத்தர் முன்னால் பொய்க்காரியாக நின்றதில்லை. ஆனாலும் அன்றைக்கே மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தேன்.

அந்த வேலையைச் சொன்னால்தான் அவரைச் சொல்ல முடியும். உடைத்த கம்புத் தானியத்தைத் தட்டில் பரப்பி, அதில் அந்துப்பூச்சியின் முட்டையைத் தூவி, மேலே வெள்ளைத் துணி கட்டி வைப்போம். புழு வந்து கம்பைத் தின்று, கூடு கட்டி, அந்துப்பூச்சியாக வெளியே வரும். அவற்றைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, வலைக் கூண்டில் விட்டால் மணல் மாதிரி முட்டை கொட்டும். அதைச் சலித்து, அட்டையில் கோந்து தடவி ஒட்டுவோம். அப்புறம் அந்த அட்டையை முட்டைக்குளவியோடு பையில் போட்டு வைப்போம். குளவி என்றால் கொட்டுமே அது இல்லை. பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான் இருக்கும். அது அந்துப்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். மூன்று நாலு நாளில் அட்டை கறுக்கும். கறுத்த அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் கழனியில் செடிக்குச் செடி கட்டினால், குளவி வெளியே வந்து, செடியில் வேறு பூச்சி வைத்த முட்டையைத் தேடிப் போய் அதற்குள் தன் முட்டையை வைக்கும். காயைத் துளைக்க வேண்டிய புழு பிறக்கவே பிறக்காது.

இவ்வளவையும் எனக்கு ஒரே மூச்சில் அவர் சொல்லவில்லை. கேட்ட அன்றைக்குக் கேட்டதற்கு மட்டும் பதில். நானாக ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது.

திருமழிசைப் பக்கத்திலிருந்து ஒருவர் வெண்டைக்காய்க்கு அட்டை வாங்க வந்தார். பைக்கில் வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாம்மா, இத்தக் கட்டுனா புழு எத்தினி நாள்ல போவும்?"

"போகாது. குறையும்."

"குறையுமா? மருந்துக் கடைக்காரன் ஒரே அடியில சுத்தமாப் பூடும்ன்றான்."

"அப்ப அங்கன வாங்கிக்கிடுங்க."

"இன்னாம்மா இது! கட வச்சிருக்க, ரெண்டு வார்த்த நல்லாச் சொல்லி விக்க மாட்டியா?"

"வாரம் ஒருக்கா கட்டணும். ஆறு வாரம். நடுவுல மருந்து அடிச்சா குளவிதான் மொதல்ல சாகும். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் இருமுகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். பைக் போய்விட்டது. "வந்தவன இப்டித் தொரத்தி விட்டா எப்டிம்மா?" என்றேன். "நான் எங்க துரத்தினேன்? அவரு கேட்டாரு, சொன்னேன்" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

முகப்பேரிலிருந்து ஒரு தம்பி வந்தார். கம்ப்யூட்டர் வேலை, ஃபிளாட்டில் இருப்பவர். அவர்கள் வளாகத்தில் நிற்கும் தென்னை மரங்களில் வெள்ளை ஈ அடை அடையாகப் பிடித்து, அதன் பிசுபிசுப்பும் கரியும் கார் மேலெல்லாம் கொட்டுகிறதாம். இணையத்தில் படித்துவிட்டு, எத்தனை அட்டை இருந்தாலும் கொடுங்கள் என்று நின்றார். கையில் ஒரு ஓலைத் துண்டு. அம்மா லென்ஸை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு லென்ஸை அந்தத் தம்பி கையில் கொடுத்தார்.

"கறுப்பா இருக்கா?"

"ஆமா மேடம், நடுவுல நடுவுல கறுப்பா இருக்கு."

"அதுக்குள்ள குளவி இருக்கு. அது வேற குளவி, தானா வந்திருக்கு. என் அட்டை இதுக்கு ஆகாது. மருந்து அடிக்காதீய. ஓலைக்கு அடியில தண்ணிய வேகமாப் பீச்சிவிடுங்க. கறுப்பு இருக்குத ஓலையில கொஞ்சம் வெட்டி, இல்லாத மரத்துல கட்டுங்க."

"அப்ப நான் உங்ககிட்ட எதுவும் வாங்க வேண்டாமா?"

"வேண்டாம்."

அந்தத் தம்பி போகும்போது படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கழனி விஷயத்தில் மட்டும் இப்படி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். என் மீன் குழம்புக்குத் தெருவே மயங்கும். ஒரு நாள் சட்டியோடு கொண்டுபோனேன். கூட வேலை செய்த இரண்டு பெண்களும் விரலை நக்கினார்கள். அம்மா நிதானமாகச் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவினார்.

"எப்டிம்மா கீது?" என்று வாயைக் கொடுத்தேன்.

"புளி கூட."

அடுத்த வாரம் மறுபடி கொண்டுபோனேன், புளியைக் குறைத்து. "இன்னைக்குச் சரியா இருக்கு" என்றார். இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வீடுவரை சிரித்தபடி நடந்ததை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டு அறை என்றேனே, இன்னொரு அறையில் வேறொரு குளவி இருந்தது. அது முட்டையைத் தேடாது, புழுவைக் கொட்டும். தென்னை ஓலையைச் சுரண்டித் தின்னும் புழுவுக்காக வளர்ப்பது. அதைப் புழுக்குளவி என்போம். அந்துப்பூச்சிப் புழுவைத்தான் அதற்கும் தீனியாகக் கொடுப்போம். ஒரு கொட்டுக் கொட்டினால் புழு அசையாமல் கிடக்கும். அதன் மேலேயே முட்டை வைக்கும். வெளியே கழனிக்கும் தோப்புக்கும் இது நல்ல பூச்சி. ஆனால் அந்துப்பூச்சி அறைக்குள் ஒன்றே ஒன்று நுழைந்தால் போதும், நாற்பது தட்டுப் புழுவையும் கொன்றுவிடும். புழு செத்தால் அந்து இல்லை, அந்து இல்லாவிட்டால் முட்டை இல்லை, முட்டை இல்லாமல் அட்டை ஏது?

அதனால் காலையில் அந்து அறை, மதியத்துக்கு மேல் குளவி அறை. குளவி அறைக்குப் போனவள் அன்றைக்குத் திரும்ப அந்து அறைக்கு வரக் கூடாது. தலையில் பூ வைக்கக் கூடாது, பூவில் குளவி உட்கார்ந்து வரும். தட்டுக்குக் கட்டுகிற துணியை அண்டாவில் கொதிக்க வைத்துத்தான் கட்ட வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் எனக்குத் தூக்கத்தில்கூட மறக்காது. அப்படி இருந்தும் தப்பு நடந்தது. நான்தான் செய்தேன்.

அம்மா நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். கோவில் கொடைத் திருவிழாவும் சேர்ந்து பத்து நாள். அறையை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். அவர் கிளம்பிய அன்று நாற்பது தட்டுக்கும் துணி மாற்றினேன். எல்லாவற்றையும் கொதிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, ஒவ்வொன்றாகக் கட்டி வந்தால் கடைசித் துணியை எலி கடித்து வைத்திருக்கிறது. குளவி அறைக்கு வெளியே கொடியில் துவைத்த துணி ஒன்று தொங்கியது. நானே சோப்புப் போட்டுக் கும்மியது. மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை. ஒரு துணிக்காக மறுபடி அண்டாவை ஏற்றுவதா என்று அதை எடுத்துக் கட்டினேன். அதன் ஓரத் தையலுக்குள் குளவியின் கூடு ஒட்டிக்கொண்டிருந்ததை என் கண் பார்க்கவில்லை.

நாலைந்து நாளில் ஒரு தட்டில் புழு அசையாமல் கிடந்தது. கூடு கட்டப் போகிறது, அடங்குகிறது என்று நினைத்தேன். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அம்மா ஊரிலிருந்து வந்த காலை, பையை வைத்த கையோடு அந்து அறைக்குள் போனார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. பிறகு ஒவ்வொரு தட்டாக வெளியே வந்தது. முப்பத்தைந்து தட்டு. துணியைப் பிரித்தால் பழுப்பு நிறப் புழுக்குளவி கொசு மாதிரி எழும்பியது. ஒன்பது மாதக் குழந்தையைப் போல் பார்த்து வளர்த்த அதே குளவியை இரண்டு கையாலும் அடித்துக் கொன்றார். நாங்களும் கொன்றோம். முப்பத்தைந்து தட்டுக் கம்பும் கொதிக்கிற அண்டாவுக்குள் போனது. தெரு முழுக்கக் கம்பங்கூழ் வாசனை. "இன்னாடி, பூச்சிக்குப் படையலா?" என்று எதிர்வீட்டில் கேட்டார்கள்.

அப்புறம் அவர் தரையில் உட்கார்ந்து, கழற்றிய நாற்பது துணியையும் லென்ஸ் வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்தார். ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார்.

"இது கொதிக்கலக்கா."

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

குளவி தொடாத ஐந்து தட்டையும் ஷேர் ஆட்டோவில் தன் மடியிலும் என் மடியிலும் வைத்து ஆவடிக்குக் கொண்டுபோனார். குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அவர் வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்து குனிந்து பார்த்தார்.

"ஏளா, இனிமே நான் எங்க படுக்க?"

"மேலதான். அது கீழ இருக்கு."

அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். அவருக்குப் பழக்கம்.

அந்தத் தட்டுகளிலிருந்து அந்து வந்து, முட்டை கொட்டி, அட்டை கறுக்க மூன்று வாரம் ஆகும் என்றார் அம்மா. வந்தாலும் ஒரே ஒரு கழனிக்குத்தான் போதும். மற்றவர்கள் பொறுக்கலாம். நூம்பல் தனம்மா பொறுக்க முடியாது.

தனம்மாவுக்கு நூம்பலில் ஒரு ஏக்கர் கத்திரி. நாலு பக்கமும் பிளாட்டுக்குக் கல் நட்டாகிவிட்டது, நடுவில் அவர் கழனி மட்டும் பச்சை. முந்தின வருஷம் பூச்சி மருந்து அடித்த மறுநாள் காய் பறிக்கப் போய், வரப்பிலேயே மயங்கி விழுந்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி மருந்து வாடையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மருந்து அடிச்சா நான் கழனிக்குள்ள கால் வக்க முடியாது, கால் வக்காம நான் எப்டிக் கஞ்சி குடிக்கிறது?" என்று கேட்டு அம்மாவிடம் வந்தவர். மூன்று வாரம் அட்டை கட்டியிருந்தோம். இன்னும் மூன்று வாரம் பாக்கி. இப்போது நிறுத்தினால் புழு ஏறிவிடும். புழு ஏறினால் தனம்மாவின் தம்பி ஏழுமலை மருந்து அடித்துவிடுவார். அடித்தால் கழனியில் இருக்கிற குளவியும் சாகும், தனம்மாவும் வெளியே நிற்க வேண்டும்.

"போன்ல சொல்லிடேம்மா" என்றேன்.

"தப்பப் போன்லயா சொல்லுதது? வாங்க."

இரண்டு பஸ் மாறி வேலப்பன்சாவடியில் இறங்கி நடந்தோம். தனம்மா வரப்பில் நின்று எங்களைப் பார்த்ததும் கை வெறுமையாக இருப்பதைக் கண்டுகொண்டார்.

"அட்ட எங்க?"

அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இந்த வாரம் அட்டை கிடையாது. இன்னும் மூணு வாரம் கிடையாது. எங்க அக்கா துணிய கொதிக்க வைக்காமக் கட்டிட்டாவ. குளவி உள்ள வந்து புழுவெல்லாம் செத்துட்டு." என்னைக் கையால் காட்டினார். அதற்கு அப்புறமும் ஏதோ சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. தனம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வயதுக்காரி. சேற்றுக் காலோடு நின்றவர் முன்னால் வெளுத்த புடவையில் நான் நின்றேன்.

"அப்ப என் கழனி?" என்றார் தனம்மா.

"குளவி செய்யுத வேலையக் கையால செய்யணும். புழு போன நுனி வாடித் தொங்கும். தெனம் காலையில ஒவ்வொரு செடியாப் பாத்துக் கிள்ளி எடுத்து, தண்ணியில முக்கிக் கொல்லணும். ஓட்டை விழுந்த காயையும் எடுக்கணும். நான் வாரேன்."

"ஒரு ஏக்கராவா? கையாலயா?"

"ஆமா."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் போய் உட்கார்ந்தேன். இறங்கியதும் சொன்னேன்: "பேரச் சொல்லாமச் சொல்லியிருக்கலாம். கையக் காட்டி வேற சொல்ற. ஒம்பது வருசம் இல்ல, ஒரு நாள் பழகினவகூட அப்டிச் சொல்ல மாட்டா."

"கேட்டாவன்னா சொல்லாம இருக்க முடியாதுக்கா."

"யாரும் கேக்கல!"

அவர் யோசித்தார். "ஆமா, கேக்கல" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, சமாதானம் இல்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. என் மருமகள் "ஒடம்பு சரியில்லயா அத்த?" என்றாள். "நல்லாத்தான் கீறேன்" என்றேன். அன்றைக்கு முழுக்கப் பாத்திரம் தேய்த்தேன், தேய்த்ததையே தேய்த்தேன். என்னைக் குறைத்துச் சொன்னார் என்று மனதுக்குள் சண்டை போட்டுப் பார்த்தேன். எவ்வளவு சண்டை போட்டாலும் அந்தத் துணி கொதிக்காத துணியாகவே இருந்தது.

அதற்கு மறுநாள் விடிந்ததும் நானாகவே பஸ் ஏறி நூம்பலுக்குப் போனேன். அம்மா ஏற்கெனவே வரிசைக்குள் குனிந்திருந்தார். பக்கத்தில் வாளி, அதில் வாடின நுனிகள். தனம்மா இன்னொரு ஓரத்தில். அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அந்த வரிசை பாக்கல" என்றார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

கத்திரிச் செடிக்கு முள் உண்டு. இலைக்கு அடியிலும் உண்டு. இரண்டாம் நாள் என் விரலெல்லாம் வீங்கியது. நுனியைக் கிள்ளிப் பிளந்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு புழு நெளியும். முதல் நாள் இரண்டு வாளி நிறைந்தது. இடுப்பு கழன்றுவிடும் போல இருக்கும். நிமிரும்போதெல்லாம் தனம்மா, "இன்னாக்கா, துணிய கொதிக்க வச்சிருந்தா இந்நேரம் ஊட்ல காப்பி குட்ச்சினு இருந்திருப்ப" என்பார். எனக்கு எரியும். "நீ குனிடி மொதல்ல" என்பேன். ஒரு வாரத்தில் அந்த வம்பு இல்லாமல் எங்களுக்கு வேலை ஓடவில்லை.

பத்தாம் நாள் போல இருக்கும். அன்று அம்மா வரவில்லை. ஆவடியில் கட்டிலுக்கு அடியில் முதல் அந்து வெளியே வரத் தொடங்கியிருந்தது, பிடிக்க வேண்டும். நானும் தனம்மாவும் மட்டும். ஏழுமலை பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் வந்து நின்றார்.

"யக்கா, வெளிய வா. போதும் இந்தக் கூத்து. ரெண்டு மணி நேரத்துல அட்ச்சு முட்ச்சுடறேன்."

தனம்மா நிமிர்ந்தார். தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீ சொல்லுக்கா. இது நிக்குமா?"

நிற்கும், பயப்படாதே என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. அப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், மகளுக்கு மாமியார் சண்டை என்றாலும், எல்லாம் சரியாகப் போகும் என்று முதலில் சொல்பவள் நான். வாளியைப் பார்த்தேன்.

"தெரியல. மொத நாள் ரெண்டு வாளி வாடின நுனி. நேத்து ஒண்ணு. இன்னிக்கு முக்கா வாளிதான் வரும் போல கீது. காயில இன்னும் ஓட்ட கீது."

"நாளைக்கு?" என்றார் ஏழுமலை.

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா ரெண்டு பஸ்ஸு ஏறி வர நீ?"

"ஆமா. தெரிஞ்சதச் சொல்ல ஒரு ஆளு வேணுமில்ல?"

தனம்மா ஓவென்று சிரித்தார். சிரித்து முடித்து, "டேய், மிஷின எறக்கி வை" என்றார். "எனக்குத் தெரிஞ்சு எங்கிட்ட வந்து, என் ஆளுதான் கெட்த்துட்டான்னு வாயால சொன்னவ அந்தம்மா ஒருத்திதான். மருந்துக் கடைக்காரன் சொன்னானா, நான் வுழுந்து கெடந்தப்ப? அட்ட வர வரைக்கும் ஒருத்தனும் இங்க அடிக்கக் கூடாது. நீயும் குனி."

ஏழுமலை முணுமுணுத்துக்கொண்டே ஸ்பிரேயரைக் கழற்றினார். அன்றைக்கு அவர் கிள்ளியதில் பாதி நல்ல நுனி. தனம்மா முதுகில் ஒன்று வைத்தார். மறுநாளும் வந்தார்.

மூன்று வாரம் முடிந்த காலையில் அம்மா துணிப்பையோடு வந்தார். உள்ளே கறுத்த அட்டைகள். வரப்பில் உட்கார்ந்து நானும் அவரும் துண்டு வெட்டினோம். பக்கத்துப் பிளாட்டில் வீடு கட்டுகிற பெண்கள் நாலைந்து பேர், சிமெண்ட் கையோடு வேலிப் பக்கம் வந்து நின்றார்கள். இத்தனை நாளாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

"ஏம்மா, இந்த அட்டயக் கட்டினாலே போதும்ன்றீங்களே, பின்ன எதுக்கு இத்தினி நாளு கையாலக் கிள்ளிக்கினு கெடந்தீங்க?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

அம்மா கத்தரிக்கோலை நிறுத்தினார். அவர் வாய் திறப்பதைப் பார்த்தேன். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் துணிய கொதிக்க வைக்காமக் கட்டிட்டேன். அதுல எல்லாம் பாழாப் பூட்ச்சு."

சொல்லிவிட்டேன். அடுத்த அட்டையை எடுத்து வெட்டினேன். அந்தப் பெண் "ஐயோ" என்றாள். தனம்மா ஏதோ கிண்டல் சொல்ல வந்தார்.

"ஒரே ஒரு துணி" என்றார் அம்மா.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் கட்டடவேலைப் பெண்ணிடம்தான் சொன்னார்.

"நாப்பதுல ஒண்ணு. மத்த முப்பத்தொம்பதையும் கொதிக்க வச்சாவ, நான் ஒவ்வொண்ணாப் பாத்தேன். பத்து நாள் தட்டைத் திறந்து பாக்காம ஊருல போய் இருந்தது நான். அன்னைக்கே தனம்மாட்ட அதையும் சொன்னேன்."

"ஆமாமா, சொல்லுச்சு" என்றார் தனம்மா. "நீதான் மூஞ்சத் திருப்பிக்கின."

அம்மா மறுபடி வெட்டத் தொடங்கினார். நான் முதல் துண்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினேன்.